குட்டி ஹோஸ்டாவைத் தூங்க விடுங்கள்

ஹோஸ்டா, இலை அழகுக்காக நிழலில் வளர்க்கும் செடி. மூணாறில் மார்கழிக் குளிர் இறங்கியதும் அதன் இலைகள் மஞ்சளாகிச் சரிந்துவிடும். முதல் வருடம் அதைப் பார்த்துப் பயந்துபோய், தொட்டியை அடுப்பங்கரைக்குள் தூக்கி வைத்துத் தினமும் தண்ணீர் ஊற்றினேன். தை முடிவதற்குள் தூர் அழுகிக் கூழாகிவிட்டது.

பலரும் செய்வது இந்தத் தவறைத்தான். ஜப்பான், கொரியா, சீனப் பக்கத்துச் செடி இது. குளிர்காலத்தில் இலைகளை விட்டுவிட்டு மண்ணுக்கடியில் உறங்கும். அந்த உறக்கத்துக்குச் சில வாரமாவது நல்ல குளிர் வேண்டும், இல்லையென்றால் அடுத்த குருத்து மெலிந்துதான் வரும். மூணாறின் குளிரே இதற்கு மட்டுமட்டுதான். அதனால் தொட்டி வெளியிலேயே இருக்கட்டும். கன்னிமலைப் பக்கம் உறைபனி விழுகிற ராத்திரிகளில்கூட உறங்கும் தூருக்கு ஒன்றும் ஆகாது. மண் முழுக்கக் காயாத அளவுக்கு எப்போதாவது தண்ணீர் தெளித்தால் போதும், உரம் வேண்டவே வேண்டாம். போடியில் இருக்கும் அத்தை ஒரு துண்டு கேட்டபோது எனக்கு மனசில்லாமல்தான் மறுத்தேன். அந்த வெக்கையில் அது வருடா வருடம் சிறுத்துக்கொண்டே போகும்.

நான் வளர்ப்பது 'புளூ மவுஸ் இயர்ஸ்'. 2008இல் அமெரிக்க ஹோஸ்டா வளர்ப்போர் சங்கம் 'ஆண்டின் ஹோஸ்டா'வாகத் தேர்ந்தெடுத்த வகை. ஒரு சாண் உயரம்கூட வராது, இலை எலிக்காது போலத் தடித்து வட்டமாக இருக்கும். அந்த நீலம் இலைமேல் படிந்த மெழுகுப் பூச்சு. அழகாக இருக்கிறதே என்று விரலால் தடவினால் பூச்சு போய்ப் பச்சை தெரியும். மதிய வெயிலும் அதைக் கெடுக்கும். தண்ணீரை இலைமேல் ஊற்றாமல் மண்ணில் ஊற்றுங்கள்.

நிழல் என்றதும் இருட்டு மூலையில் வைத்துவிடுகிறார்கள். காலை வெயில் ஒன்றிரண்டு மணி நேரம் படுவது நல்லது. சில்வர் ஓக் மரத்தடியில் நேராக மண்ணில் நட்டால், மர வேர்கள் நீரையெல்லாம் இழுத்துக்கொள்ளும், குட்டிச்செடி திணறிப்போகும். தொட்டிதான் சரி. அதுவும் சின்னத் தொட்டி. பெரிய தொட்டியின் மண் இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையில் வாரக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். மழைக்காலத்தில் என் தொட்டிகள் தாழ்வாரத்துக்கு வந்துவிடும். நடும்போது குருத்து மண்மட்டத்தில் இருக்கட்டும், ஆழப் புதைத்தால் அழுகும்.

அப்புறம் நத்தை. ஓடில்லாத நத்தைகள் ராத்திரியில் வந்து இலையில் ஓட்டை ஓட்டையாகத் தின்றுவிடும். தொட்டி மண்ணில் உப்புத் தூவாதீர்கள், வேர் கருகிவிடும். மழை விட்ட ராத்திரியில் டார்ச் அடித்துக் கையால் பொறுக்கி எடுப்பதுதான் நான் செய்வது. தொட்டியின் அடிப்பக்கத்தையும் மறக்காமல் தூக்கிப் பாருங்கள், பகலில் அங்கேதான் ஒளிந்திருக்கும்.