தலைமையகத்தின் எச்.ஆர். கையேட்டை ஓசூர் ஆலைக்குப் பொருத்துவது எப்படி?

வெளிநாட்டுத் தலைமையகத்திலிருந்து கொள்கைக் கையேடு வந்ததும் மொழிபெயர்க்கக் கொடுத்துவிடாதீர்கள். சிவப்பு, நீலம் என்று இரண்டு பேனாக்களோடு உட்காருங்கள். ஓசூர் சிப்காட்டில் எச்.ஆர். வேலைக்கு வரும் இளைஞர்களுக்கு நான் முதலில் கொடுக்கும் பயிற்சி இதுதான்.

எந்த நாட்டிலும் தளர்த்தக்கூடாதவற்றைச் சிவப்பில் அடிக்கோடிடுங்கள்: பாதுகாப்பு, லஞ்சம், சம ஊதியம், பாலியல் தொல்லை. கடைசியதில் நம் சட்டம் கூடுதலாகவே கேட்கிறது. பத்துப் பேர் வேலை செய்தாலே, 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி மூத்த பெண் ஊழியர் தலைமையில், வெளி உறுப்பினர் ஒருவரோடு, புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு வேண்டும். தலைமையகத்தின் புகார்த் தொலைபேசி அதற்கு ஈடாகாது.

மற்றதெல்லாம் நீலம்: உள்ளூருக்கு ஏற்ப மாற்றக்கூடியவை. விடுமுறையை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டின் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 தவிர ஐந்து பண்டிகை நாள்கள் தர வேண்டும். அந்த ஐந்தில்தான் சாமர்த்தியம். வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள் இங்கே ஏராளம். யுகாதியை விட்டுவிட்டுப் பட்டியல் போட்டால் அன்றைக்கு லைன் ஓடாது. ஓசூர் மலைக்கோயில் சந்திரசூடேஸ்வரர் தேர்த்திருவிழாவும் அப்படித்தான். ஒடிசாக்காரருக்கு ஒருநாள் விடுமுறையால் என்ன பயன்? ஊருக்குப் போய்வரச் சேர்த்துக் கொடுங்கள்.

பணி மதிப்பீட்டு (அப்ரைசல்) படிவத்தில் ‘உங்களுக்கு நீங்களே ஐந்துக்கு எத்தனை தருவீர்கள்?’ என்றிருக்கும். தன்னைத் தானே மெச்சிக்கொள்ளக் கூசுகிறவர்கள் நம்மவர்கள். எல்லோரும் மூன்று போடுவார்கள். வாயாடி மட்டும் ஐந்து போடுவார், ஊதிய உயர்வும் அவருக்கே போகும். அந்தக் கேள்வியை அடித்துவிட்டு, ‘எந்தெந்த இயந்திரத்தைத் தனியாக ஓட்டுவீர்கள்? யாருக்குக் கற்றுக்கொடுத்தீர்கள்?’ என்று தொழிலாளியிடம் நேரில் கேட்டு எழுதும்படி சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள்.

குறை கேட்க, ‘எங்கள் கதவு திறந்தே இருக்கிறது’ என்று சுவரொட்டி ஒட்டுவது வீண். ராயக்கோட்டை, பாலக்கோடு ஷிப்ட் பஸ்ஸில் எப்போதாவது ஏறிப் போங்கள். அடிக்கடி போனால் உளவு பார்ப்பதாக நினைத்து வாயை மூடிக்கொள்வார்கள்.

மாற்றங்களைத் தலைமையகத்துக்கு ஒரே பக்கத்தில் எழுதுங்கள். மேலாண்மைப் பேராசிரியர் ஹோவர்ட் பெர்ல்மட்டர் 1969இல் பன்னாட்டு நிறுவனங்களின் மனப்போக்கை மூன்றாகப் பிரித்தார்: தாய்நாட்டு முறையே எங்கும் செல்லும் என்பது, உள்ளூர்க்காரர்களிடம் விட்டுவிடுவது, எங்கிருந்தாலும் நல்லதை எடுத்துக்கொள்வது. உங்களுடையது முதல் ரகமானால் பண்பாடு பற்றி எழுதாதீர்கள்; சென்ற ஆண்டின் யுகாதி வருகைப்பதிவை இணையுங்கள். ஐரோப்பிய நிறுவனமென்றால் ஜூலைக்குள் அனுப்பிவிடுங்கள். ஆகஸ்டில் அங்கே பாதிப்பேர் விடுமுறையில் இருப்பார்கள்.