ஆறு மானிட்டருக்கு இரண்டு கிராபிக்ஸ் கார்டு: காசைக் கரைக்கும் தவறுகள்

போன மாதம் ஒரு தம்பி போன் செய்தார். "அண்ணா, ஆர்டிஎக்ஸ் 4060 கூட ஒரு ஜிடி 710 போட்டேன். ரெண்டு மானிட்டர் வரவே மாட்டேங்குது." இரண்டும் என்விடியா கம்பெனியின் கிராபிக்ஸ் கார்டுகள்; 4060 புதியது, 710 பழையது. கேட்டதும் வயிறு எரிந்தது. இதே கதையோடு வந்த மூன்றாவது ஆள் அவர். கேபிள் லூஸ், மானிட்டரில் இன்புட் மாறியிருப்பது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். ஐந்து நிமிடத்தில் அவை தெரிந்துவிடும்.

ஒரே கம்பெனிதானே என்று பழைய கார்டு வாங்குவது

ஷேர் டிரேடிங் செய்யும் ஒருவருக்கு ஆறு மானிட்டர் அமைத்துத் தர ஒப்புக்கொண்டிருந்தேன். 4060-இல் நான்கு மாட்டலாம். மீதி இரண்டுக்கு ஜிடி 710. "ரெண்டும் என்விடியா, ஒரே டிரைவர் போதும்" என்றார் கடைக்காரர். டிரைவர் என்றால் கார்டை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள். நானும் விசாரிக்காமல் வாங்கினேன்.

புது டிரைவர் போட்டால் நான்கு திரை எரியும். 710 விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில், பிழை என்று காட்டும் மஞ்சள் முக்கோணத்தோடு நிற்கும். புது டிரைவரை எடுத்துவிட்டுப் பழைய டிரைவர் போட்டால் 710 பிழைக்கும், 4060 படுத்துவிடும். விடியற்காலை நான்கு மணி வரை மாற்றி மாற்றிப் போட்டேன். 9.15-க்கு மார்க்கெட் திறந்துவிடும்.

காரணம் எளிது. 710-க்குள் இருப்பது கெப்ளர் என்ற பழைய தலைமுறை சிப். அந்தத் தலைமுறைக்கு 470 வரிசைதான் கடைசி டிரைவர். 2021-க்குப் பிறகு வந்த வரிசைகளில் அது இல்லை. 4060 வந்ததோ 2023-இல். 470 டிரைவருக்கு 4060-ஐ அடையாளமே தெரியாது. இரண்டுக்கும் பொதுவான டிரைவர் கிடையவே கிடையாது. ஒரே கம்பெனியின் இரண்டு டிரைவர்களை ஒரே விண்டோஸில் ஏற்றினால் ஒன்றை ஒன்று மிதிக்கும்.

வேறு வேறு கம்பெனி என்றால் அந்தத் தகராறு இல்லை. விண்டோஸ் விஸ்டாவில் எல்லா கார்டும் ஒரே டிரைவரில் ஓட வேண்டும் என்ற கட்டாயம் இருந்தது. 2009-இல் விண்டோஸ் 7 அதைத் தளர்த்தியது. அன்று முதல் இன்டெலும் என்விடியாவும் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. கடைசியில் எனக்குக் கைகொடுத்ததும் அதுதான். அந்த டிரேடரின் பிராசஸர் இன்டெலின் ஐ5-12400. உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறது. மதர்போர்டின் பின்பக்கம் ஒரு எச்டிஎம்ஐ, ஒரு டிஸ்ப்ளே போர்ட் சும்மா கிடந்தன. மாட்டினேன், ஆறும் எரிந்தன. 710-ஐக் கடையில் திருப்பி எடுக்கவில்லை.

ஆகவே இரண்டாவது கார்டுக்குக் காசு கொடுக்கும் முன், ஒரே டிரைவர் பதிப்பின் ஆதரவுப் பட்டியலில் உங்கள் இரண்டு கார்டின் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். ஜிடி 730 என்றால் இன்னும் கவனம்: அதே பெயரில் கெப்ளருக்கும் முந்திய ஃபெர்மி சிப்பும் உண்டு, கெப்ளர் சிப்பும் உண்டு. போட்டிக் கம்பெனியான ஏஎம்டியிலும் போலாரிஸ் என்ற சிப் தலைமுறைக்கு முந்திய கார்டுகள் 2021-இலேயே பழைய கணக்கில் போய்விட்டன.

எஃப் பிராசஸர்

இன்டெல் பிராசஸர் பெயர் எஃப் என்று முடிந்தால் உள் கிராபிக்ஸ் இல்லை. மேலே சொன்ன வழி உங்களுக்கு ஆகாது.

பயாஸைத் தொடாமல் விடுவது

கார்டு செருகியதும் பல போர்டுகள் உள் கிராபிக்ஸை அணைத்துவிடும். பயாஸில், அதாவது விண்டோஸ் வரும் முன் திறக்கும் போர்டின் அமைப்புத் திரையில், 'ஐஜிபியூ மல்டி மானிட்டர்' (ஐஜிபியூ என்பது உள் கிராபிக்ஸ்) என்ற மாதிரி ஒரு வரி இருக்கும், எனேபிள் செய்யுங்கள்.

மலிவு அடாப்டர்

ஏஎம்டியின் ரேடியான் எச்டி 5000 முதல் 7000 வரையிலான கார்டுகளை இன்னும் பலர் வைத்திருக்கிறார்கள். அவற்றில் டிவிஐ, எச்டிஎம்ஐ வழியாக இரண்டு மானிட்டர்தான் பொதுவாக ஓடும். மூன்றாவது டிஸ்ப்ளே போர்ட்டில் நேரடியாக வர வேண்டும், இல்லையென்றால் சிக்னலைத் தானே மாற்றும் சிப் உள்ள ஆக்டிவ் அடாப்டர் வேண்டும். அந்தச் சிப் இல்லாத பாஸிவ் அடாப்டர் மாட்டி, கார்டு கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். நல்ல கார்டு அது.

வலு குறைந்த இரண்டாவது கார்டின் திரையில் கேம்

வேண்டாம்.

ஸ்லாட்டைப் பார்க்காமல் செருகுவது

இரண்டாவது நீள ஸ்லாட் பல போர்டுகளில் எக்ஸ்4 என்ற குறைந்த வேகம்தான். சார்ட், எக்செல் காட்ட அது தாராளம். ஆனால் சில போர்டுகளில் அந்த ஸ்லாட்டில் கார்டு ஏறியதும் ஒரு எம்.2 எஸ்எஸ்டி (போர்டிலேயே நேராகச் செருகும் சேமிப்பு) விண்டோஸில் காணாமல் போகும். மேனுவலில் சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள், கேபினட்டைத் திறக்கும் முன்பே அந்தப் பக்கத்தைப் படித்துவிடுங்கள்.