நியூட்ரினோவின் நிறை ஏன் இவ்வளவு குறைவு? விளக்கும்போது சறுக்கும் இடங்கள்

கோவை, ஈரோடு, நாமக்கல் பக்கத்துக் கல்லூரிகளில் இயற்பியல் கருத்தரங்கு என்றால் நியூட்ரினோ என்ற, மின்னூட்டமில்லாத மிக லேசான அடிப்படைத் துகளைப் பற்றிப் பேச ஒரு மாணவராவது வந்துவிடுவார். நீலகிரியில் சிங்காராப் பக்கம் மலையைக் குடைந்து ஆய்வுக்கூடம் வரப்போகிறது என்ற பேச்சு ஒரு காலத்தில் நம் பக்கம் பலமாக அடிபட்டதும் இந்த ஆர்வத்துக்கு ஒரு காரணமாக இருக்கலாம். பேச்சு நன்றாகவே போகும். கடைசியில் "சரி, நிறை ஏன் இவ்வளவு குறைவு?" என்று யாராவது கேட்டால், யோசிக்காமல் பதில் வரும்: "சீசா பொறிமுறைங்க சார்." அடுத்த ஸ்லைடு நன்றி சொல்லும் ஸ்லைடு.

பதில் தப்பென்று சொல்ல முடியாது. ஆனால் சீசா என்பது, மிகக் கனமான, இதுவரை காணாத ஒரு துணைத் துகளை வைத்து நியூட்ரினோ நிறையின் குறைவை விளக்கும் ஒரு முன்மொழிவு. இன்னும் யாரும் அதைச் சோதனையில் பிடித்துக் காட்டவில்லை. கூடவே வேறு பல முன்மொழிவுகளும் உண்டு. அளந்து தெரிந்தது எது, கோட்பாட்டாளர்கள் முன்வைத்தது எது என்ற கோடு அழிந்துபோவதால்தான் இந்தத் தலைப்பில் பாதிக்கு மேல் தவறுகள் வருகின்றன.

முதலில் அளந்ததைப் பார்ப்போம். 1998இல் ஜப்பானின் சூப்பர் கமியோகாண்டே, 2001-02இல் கனடாவின் சட்பரி ஆய்வுக்கூடம், இரண்டும் நியூட்ரினோக்கள் போகிற வழியில் வகை மாறுகின்றன (எலக்ட்ரான், மியூவான், டாவ் என வகைகள் மூன்று; இந்த மாற்றத்துக்கு அலைவு என்று பெயர்) என்று காட்டின. 2015 நோபல் பரிசு இதற்காகத்தான் கஜிதாவுக்கும் மெக்டொனால்டுக்கும் போனது. வகை மாற வேண்டுமென்றால் நிறைகளுக்குள் வித்தியாசம் இருந்தாக வேண்டும். இங்கேயே முதல் சறுக்கல்: "அலைவுச் சோதனைகள் நியூட்ரினோவின் நிறையை அளந்தன" என்று எழுதிவிடுகிறார்கள். ஈரோடு மண்டியில் இரண்டு மஞ்சள் மூட்டைகளைத் தராசின் இரண்டு தட்டிலும் வைத்தால் எது எவ்வளவு கூடுதல் என்று தெரியும். ஒரு மூட்டை எத்தனை கிலோ என்று தெரியாது. அலைவு தருவதும் அந்த மாதிரி வித்தியாசம்தான். சரியாகச் சொன்னால், நிறைகளின் வர்க்கங்களுக்கு இடையிலான வித்தியாசம். ஒன்று சுமார் 0.000075, இன்னொன்று சுமார் 0.0025, இரண்டும் எலக்ட்ரான் வோல்ட் (துகள்களின் ஆற்றலையும் நிறையையும் சொல்லும் அலகு) வர்க்கத்தில்.

இரண்டாவது எண்ணுக்கு வர்க்கமூலம் எடுத்தால் 0.05 வரும். ஆக, மூன்றில் ஒன்றாவது 0.05 எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் குறையாது. இது தரை. கூரையைத் தருவது ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூவில் உள்ள கேட்ரின் சோதனை: 0.45 எலக்ட்ரான் வோல்ட்டுக்குள்தான் என்கிறது. எலக்ட்ரானின் நிறை 5,11,000 எலக்ட்ரான் வோல்ட். நியூட்ரினோ அதைவிடப் பத்து லட்சம் மடங்குக்கும் மேல் லேசு. அண்டவியல் அளவீடுகள் மூன்று நிறைகளையும் கூட்டினாலே 0.12ஐத் தாண்டாது என்று இன்னும் இறுக்கிப் பிடிக்கின்றன. ஆனால் அந்த எண்ணுக்குள் பிரபஞ்சத்தின் மாதிரி பற்றிய அனுமானமும் ஒளிந்திருக்கிறது. கேட்ரின் எண்ணையும் அண்டவியல் எண்ணையும் ஒரே அட்டவணையில் ஒரே தோரணையில் போடுவது சரியில்லை.

இரண்டு சின்னத் திருத்தங்களை இங்கேயே சொல்லிவிடுகிறேன். "எலக்ட்ரான் நியூட்ரினோவின் நிறை இவ்வளவு" என்று எழுதக் கூடாது. எலக்ட்ரான் நியூட்ரினோ என்பதே மூன்று நிறைநிலைகளின் (திட்டமான நிறை கொண்ட நிலைகளின்) கலவை. அதற்கென்று தனியாக ஒரு நிறை கிடையாது. கேட்ரின் பார்ப்பது ஒரு வகைச் சராசரி. அப்புறம், "மூன்று நியூட்ரினோவுக்கும் நிறை உண்டு" என்பதும் நிரூபிக்கப்படவில்லை. இரண்டுக்கு உண்டு என்பது உறுதி. மூன்றாவது பூஜ்யமாகவே இருந்தாலும் இன்றைய அலைவுத் தரவு எதுவும் உடையாது.

"ஹிக்ஸுக்கும் நியூட்ரினோ நிறைக்கும் சம்பந்தமில்லை"

இந்த வாக்கியம் அடிக்கடி வருகிறது. எலக்ட்ரானுக்கு இடக்கை வடிவமும் வலக்கை வடிவமும் உண்டு (ஏறத்தாழ, தற்சுழற்சி போகும் திசைக்கு எதிராகவா, அதே திசையிலா என்பதைப் பொறுத்து). வெளியெங்கும் நிறைந்திருக்கும் ஹிக்ஸ் புலம் இரண்டையும் கோத்து நிறை தருகிறது. நியூட்ரினோவில் சோதனைகள் இடக்கை வடிவத்தை மட்டுமே கண்டிருக்கின்றன; 1958இல் கோல்டுஹேபரும் குழுவினரும் செய்த சோதனையிலிருந்தே அப்படித்தான். அதனால் தரநிலை மாதிரியை (துகள்களையும் விசைகளையும் விவரிக்கும் இன்றைய அடிப்படைக் கோட்பாட்டை) வகுத்தவர்கள் வலக்கை நியூட்ரினோவைச் சேர்க்கவில்லை; நிறையும் பூஜ்யமாகிவிட்டது. இப்போது வலக்கை நியூட்ரினோவைச் சேர்த்துவிட்டால் ஹிக்ஸ் அதே வேலையை இங்கேயும் செய்யும். 0.05 எலக்ட்ரான் வோல்ட் வர, ஹிக்ஸோடு எவ்வளவு வலுவாகப் பிணைகிறது என்று சொல்லும் பிணைப்பு எண் சுமார் 3 × 10⁻¹³ இருக்க வேண்டும், அவ்வளவுதான். இதுதான் டிராக் வழி; எலக்ட்ரானைப் போலவே இங்கே துகளும் எதிர்த்துகளும் வேறுவேறு. சீசா வழியிலும் ஹிக்ஸ் விலகிப் போவதில்லை. ஒரு முறைக்குப் பதில் இரண்டு முறை கணக்குக்குள் வருகிறது.

இதற்கு மாணவர்கள் சொல்லும் மறுப்பு: "இவ்வளவு சின்ன எண்ணை இயற்கை ஏத்துக்காதுங்க." ஏன் ஏற்காது? மிகக் கனமான அடிப்படைத் துகளான டாப் குவார்க்கின் பிணைப்பு எண் கிட்டத்தட்ட 1; எலக்ட்ரானுடையது 3 × 10⁻⁶. அந்தப் பள்ளத்துக்கே இன்னும் காரணம் தெரியாது, அதை யாரும் "சாத்தியமில்லை" என்று சொல்லவும் இல்லை. மேலும் இந்த எண்ணைப் பூஜ்யமாக்கினால் கோட்பாட்டின் சமச்சீர் கூடுகிறது. அதனால் குவாண்டம் திருத்தங்கள் வந்தாலும் அந்தச் சின்ன எண்ணின் மடங்காகவே வரும். அதைத் திடீரென்று பெரிதாக்கிவிடாது. கோட்பாட்டு இயற்பியலாளர் 'ட் ஹூஃப்ட் சொன்ன இயல்புத்தன்மை என்பது இதுதான். சின்னதாக இருப்பது விசித்திரமாகத் தோன்றலாம், ஆனால் கோட்பாட்டுக்குள் முரண் ஏதும் இல்லை.

டிராக் வழிக்கு எதிரான உண்மையான கேள்வி வேறு இடத்தில் இருக்கிறது. வலக்கை நியூட்ரினோவுக்கு மின்னூட்டம் கிடையாது, வண்ணம் (வலுவிசைக்கான மின்னூட்டம் போன்றது) கிடையாது, பீட்டாச் சிதைவுக்குக் காரணமான மெல்விசையும் அதைத் தொடாது. இப்படிப்பட்ட துகள் ஹிக்ஸின் உதவி இல்லாமல் தனக்குத்தானே ஒரு நிறை வைத்துக்கொள்ளலாம். 1937இல் எட்டோரே மயோரானா காட்டிய, துகளும் எதிர்த்துகளும் ஒன்றேயான அந்த வகை நிறை. லெப்டான் எண் (எலக்ட்ரான், நியூட்ரினோ வகைத் துகள்களின் எண்ணிக்கையிலிருந்து அவற்றின் எதிர்த்துகள்களைக் கழித்தது) மாறாது என்று ஏதாவது விதி இருந்தால்தான் இதைத் தடுக்க முடியும். டிராக் என்று சொல்பவர் அந்த விதி எங்கிருந்து வருகிறது என்று சொல்ல வேண்டும். கருத்தரங்கில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். என் அனுபவத்தில் யாரும் கேட்பதில்லை.

சீசா படமும் சீசா கணக்கும்

பூங்காவில் குழந்தைகள் ஆடும் பலகையை வரைந்து, ஒரு பக்கம் குண்டு நியூட்ரினோ, மறு பக்கம் ஒல்லி நியூட்ரினோ. இந்தப் படம் இல்லாத ஸ்லைடைப் பார்ப்பது அரிது. படம் பெயருக்குப் பொருத்தம்தான். ஆனால் அதைப் பார்த்தவர் மனதில் "கனமானது அழுத்துவதால் லேசானது மேலே போகிறது" என்று ஏதோ ஒரு விசை நடப்பது போலப் பதிந்துவிடுகிறது. விசை ஏதும் அங்கே இல்லை. கனமானது சிதைந்து லேசானதாக மாறுவதும் இல்லை.

பிளஸ் டூ அணிக்கணக்கு தெரிந்தால் போதும். இரண்டுக்கு இரண்டு அணி ஒன்று எழுதுங்கள். மேல் இடது மூலையில் பூஜ்யம். அதற்கு எதிர் மூலையில் வலக்கை நியூட்ரினோவின் சொந்த நிறை, பெரியது. மற்ற இரண்டு இடத்திலும் ஹிக்ஸ் வழியாக வரும் சாதாரண நிறை, சின்னது. இந்த அணியின் இரண்டு ஐகன் மதிப்புகளை (அணி கடைசியில் தரும் இரண்டு நிறைகளை)ப் பெருக்கினால், குறியை விட்டுவிட்டால், சின்ன நிறையின் வர்க்கம் வரும். பெரியதை எவ்வளவு மாற்றினாலும் அந்தப் பெருக்கற்பலன் மாறாது. ஆகவே ஒரு மதிப்பு ஏறினால் மற்றது இறங்கித்தான் ஆக வேண்டும். லேசான நியூட்ரினோவின் நிறை என்பது சின்னதன் வர்க்கத்தைப் பெரியதால் வகுத்த எண். சீசா முழுவதும் இவ்வளவுதான்.

அந்த மேல் மூலைப் பூஜ்யத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அது தானாக அங்கே உட்கார்ந்திருப்பது போல. இடக்கை நியூட்ரினோ எலக்ட்ரானோடு ஜோடியாக மெல்விசையில் பங்குபெறுகிறது. அதற்கு நேரடியாக மயோரானா நிறை போடுவதை மெல்விசையின் சமச்சீர் அனுமதிக்காது. அதனால்தான் பூஜ்யம். அங்கே பெரிய எண் எதையாவது வைத்தால் மொத்தக் கணக்கும் கவிழ்ந்துவிடும்.

இப்போது எண்களைப் போடுவோம், இங்கேதான் பெரிய தவறு இருக்கிறது. சின்ன நிறை, பிணைப்பு எண் 1 ஆக இருந்தால் வரும் 174 கிகா (கிகா என்றால் நூறு கோடி) எலக்ட்ரான் வோல்ட் என்று வைத்தால், 0.05 வருவதற்குப் பெரிய நிறை சுமார் 6 × 10¹⁴ கிகா எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். விசைகள் ஒன்றுசேரக்கூடும் என்று கருதப்படும் 10¹⁶க்கு இது அவ்வளவு தூரமில்லை என்பதால் கோட்பாட்டாளர்களுக்கு ஒரு பரவசம். அந்தப் பரவசம் பாடக்குறிப்புக்கு வரும்போது "சீசா 10¹⁴ என்று கணித்திருக்கிறது" என்று திரிந்துவிடுகிறது. சின்ன நிறையை எலக்ட்ரானின் நிறையளவு வைத்துப் பாருங்கள். அதே 0.05க்குப் பெரிய நிறை வெறும் 5 டெரா எலக்ட்ரான் வோல்ட் (5,000 கிகா) போதும். ஒரே விடை, ஆனால் இரண்டு பெரிய நிறைகளுக்கும் இடையில் பத்தாயிரம் கோடி மடங்குக்கு மேல் வித்தியாசம். சீசா தருவது ஒரு விகிதம். பெரிய நிறை எது என்று அது சொல்வதில்லை.

5 டெரா என்றதும், "அது ஜெனிவாவின் எல்எச்சி துகள் மோதுவி எட்டும் தூரம்தானே, அங்கே காணோம், அப்போ சீசா பொய்" என்று எதிர்ப்பக்கம் குதிப்பவர்களும் உண்டு. வலக்கை நியூட்ரினோவை எந்த விசையும் நேராகத் தொடாது; இடக்கையோடு உள்ள கலப்பு வழியாகத்தான் அது தலைகாட்ட முடியும். மேலே சொன்ன கணக்கில் அந்தக் கலப்பு கோடியில் ஒரு பங்கு, உருவாகும் வாய்ப்போ அதன் வர்க்கம். காணாமல் போனதில் ஆச்சரியமே இல்லை.

பெயர்களிலும் கவனம் வேண்டும். 1977இல் மின்கோவ்ஸ்கி, 1979-80இல் யனகிதா, கெல்மான்-ராமண்ட்-ஸ்லான்ஸ்கி, கிளாஷோ, மொஹபாத்ரா-செஞ்சனோவிச் என்று பலர் தனித்தனியே வந்து சேர்ந்த இடம் இது. ஒரே ஒருவர் பெயரைப் போட்டு முடித்துவிடக் கூடாது.

"சீசாவை விட்டால் வேறு வழியில்லை"

நிறைய உண்டு. இதுவரை சொன்னது முதல் வகைச் சீசா. இரண்டாம் வகையில் வலக்கை நியூட்ரினோவே தேவையில்லை. மூன்று கூறுகள் கொண்ட புதிய ஹிக்ஸ் புலம் ஒன்று அந்த மேல் மூலையில் ஒரு சின்ன எண்ணை நேராகவே வைத்துவிடும். மூன்றாம் வகையில் வலக்கை நியூட்ரினோவின் இடத்தில் மும்மைக் கூறு கொண்ட கனமான ஃபெர்மியான்கள் (எலக்ட்ரான் போன்ற பொருள் துகள்கள்). இவற்றைவிட எனக்குப் பிடித்தது சுழல் வழி (சுழல் என்பது, துகள்கள் கணநேரம் தோன்றி மறையும் மூடிய வளையம்). 1980இல் ஜீ முன்வைத்த மாதிரியும் 2006இல் எர்னஸ்ட் மா முன்வைத்த மாதிரியும் இந்த வகை. நிறை முதல்படியில் வரவே வராது. குவாண்டம் திருத்தமாக மட்டும் வரும். ஒவ்வொரு சுழலுக்கும் கிட்டத்தட்ட 158இல் ஒரு பங்காகக் குறையும் என்பதால் புதிய துகள்கள் அப்படியொன்றும் எட்டாத உயரத்தில் இருக்க வேண்டியதில்லை. மாவின் மாதிரியில் அந்தச் சுழலில் ஓடும் துகளே, பிரபஞ்சத்தில் கண்ணுக்குத் தெரியாமல் ஈர்ப்பால் மட்டும் தெரியவரும் இருண்ட பொருளாகவும் இருக்கலாம். இதைக் கேட்டுவிட்டு "சீசாவின் கனமான நியூட்ரினோதான் இருண்ட பொருள்" என்று குழப்பிக்கொள்ள வேண்டாம். 10¹⁴ கிகா எலக்ட்ரான் வோல்ட் நியூட்ரினோக்கள் இருந்திருந்தால் பிரபஞ்சத்தின் தொடக்கத்திலேயே சிதைந்துபோயிருக்கும்.

இவற்றில் பலவற்றுக்கும் பொதுவான ஒன்றை 1979இல் ஸ்டீவன் வைன்பெர்க் எழுதிக் காட்டினார். தரநிலை மாதிரியின் துகள்களை மட்டும் வைத்து, லெப்டான் எண்ணை மீறும் மிக எளிய சமன்பாட்டு உறுப்பை எழுதினால், ஹிக்ஸ் இரண்டு முறை வந்து, கீழே ஒரு பெரிய ஆற்றல் வகுக்கும். மூன்று சீசாக்களும் அந்த ஒரே உறுப்பை உருவாக்கும் மூன்று வழிகள். ஆகவே லேசான நியூட்ரினோவின் நிறையை மட்டும் எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் மூன்றில் எது என்று பிரித்தறிய முடியாது.

நியூட்ரினோ இல்லாத இரட்டை பீட்டாச் சிதைவைப் பற்றிய தவறும் இந்த வகைதான். அணுக்கரு ஒன்று நியூட்ரினோ எதையும் வெளிவிடாமல் இரண்டு எலக்ட்ரான்களை மட்டும் உமிழ்வது அது; நியூட்ரினோ மயோரானாவாக இருந்தால்தான் நடக்கும். ஜப்பானின் காம்லேண்ட்-சென் செனான்-136இல் தேடி, அப்படி ஒன்று நடந்தால் அதன் அரை ஆயுள் 10²⁶ ஆண்டுகளுக்கு மேல்தான் என்று காட்டியிருக்கிறது. "காணவில்லை, ஆகவே டிராக்" என்று எழுதுகிறார்கள். நியூட்ரினோ மயோரானாவாக இருந்தும், நிறைகளின் வரிசை காரணமாகச் சிதைவின் வேகம் இன்றைய கருவிகளுக்கு எட்டாமல் இருக்கலாம். நாளைக்கே கண்டுபிடித்துவிட்டால்? மயோரானா என்பது உறுதியாகும். 1982இல் ஷெக்டரும் வாயேயும் காட்டியது அது. சீசா உறுதியாகாது.

கடைசியாக நம் பக்கத்துக் குழப்பம் ஒன்று. ஊட்டியில் டாடா ஆராய்ச்சி நிறுவனத்தின் காஸ்மிக் கதிர் ஆய்வகம் இருக்கிறது, கிரேப்ஸ்-3 அங்கேதான். அது காஸ்மிக் கதிர்ப் பொழிவையும் மியூவான்களையும் அளக்கிறது, நியூட்ரினோவை அல்ல. நியூட்ரினோவுக்காகத் திட்டமிட்டது இந்திய நியூட்ரினோ ஆய்வுக்கூடம். முதலில் சிங்காராவைப் பார்த்தார்கள். யானைகளின் வழித்தடமும் முதுமலைப் புலிகள் காப்பகமும் அருகில் என்பதால் 2009இல் அனுமதி கிடைக்கவில்லை. தேனி மாவட்டம் பொட்டிபுரத்துக்கு மாற்றினார்கள். அங்கேயும் அது கட்டப்படவில்லை. "அது வந்திருந்தால் நிறை ஏன் குறைவு என்று தெரிந்திருக்கும்" என்று இப்போதும் சிலர் ஆதங்கப்படுகிறார்கள். அங்கே வைக்கத் திட்டமிட்ட 50,000 டன் காந்த இரும்புக் கருவியின் முக்கிய இலக்கு, மூன்று நிறைகளில் எது மேலே எது கீழே என்ற வரிசையைக் கண்டுபிடிப்பது. அதே வரிசையைத் தேடி சீனாவின் ஜூனோ சோதனை 2025இல் தரவெடுக்கத் தொடங்கிவிட்டது. வரிசை தெரிந்தால் இரட்டை பீட்டாச் சோதனைகளுக்கு எவ்வளவு பெரிய கருவி வேண்டும் என்று முடிவு செய்யலாம், சில மாதிரிகளைக் கழித்துவிடலாம். 0.05 ஏன் 0.05 என்ற கேள்வியை அது தொடாது.