பிடித்த பங்க் குழு மாறிவிட்டதா? கோபப்படும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடியில் நாங்கள் சிலர் ஞாயிறு சாயங்காலம் கூடி ஒரு ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை கேட்பது வழக்கம். அழகப்பா பல்கலைக்கழக மாணவர்கள், சிக்ரியில் ஆராய்ச்சி செய்யும் ஒருவர், பொறியியல் படிக்கும் பையன்கள், எல்லோருக்கும் மூத்தவனாக நான். டர்ன்ஸ்டைல் என்று ஒரு அமெரிக்கக் குழு, பால்டிமோர்க்காரர்கள். வாசிப்பது ஹார்ட்கோர், அதாவது பங்க் என்ற கரடுமுரடான ராக் இசையிலேயே இன்னும் வேகமான, முரட்டு வகை. ஒரு தடவை அவர்களுடைய 2025 ஆல்பத்தை வைத்தோம். அதில் ஒரு பாட்டு முழு வேகத்தில் கிளம்பி, பாதியில் அடங்கி, சிந்தசைசரும் புல்லாங்குழலுமாகப் போய் முடியும். புல்லாங்குழல் காதில் விழுந்ததுதான் தாமதம், ஒரு தம்பி எழுந்துவிட்டான். “வித்துட்டாய்ங்கண்ணே. அவ்வளவுதான், போச்சு.”

காசுக்காகத் தங்களையே விற்றுவிட்டார்கள் என்கிறான். எங்கள் வயதுக்காரர்கள் வேறு குழுக்களைப் பார்த்துச் சொன்ன அதே வாக்கியம். குழுவின் பெயர் மட்டும் மாறியிருக்கிறது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். பாடகரைக் கெட்ட வார்த்தையில் திட்டாதே, ஆல்பம் வரும் முன்பே ஒரு நிமிடத் துணுக்கைக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லாதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

வேகம்தான் பங்க் என்று நம்புவது

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் செட்டிநாடு என்றால் காரம் என்று முடிவு கட்டிக்கொண்டே வண்டி ஏறுகிறார்கள். இலையில் வெள்ளைப்பணியாரத்தையும் மண்டியையும் கவுனியரிசியையும் வைத்தால், “இது செட்டிநாடு மாதிரியே இல்லையே” என்று முகம் சுளிக்கிறார்கள். பரிமாறும் ஆச்சிக்குச் சிரிப்புத்தான் வரும். வேகம் குறைந்தால் பங்க் இல்லை என்று சொல்கிறவர்களும் இந்த வகைதான்.

வயர் என்ற லண்டன் குழுவின் முதல் ஆல்பம் 1977இல் வந்தது. ஏறக்குறைய 35 நிமிடத்தில் 21 பாட்டுகள். கேட்கும் முன்பே, மூச்சு வாங்க வைக்கும் என்று நினைப்போம். தொடக்கப் பாட்டே நிதானமாக நகர்கிறது. பாட்டு குட்டியாக இருந்ததற்கு வேகம் காரணமில்லை. சொல்ல வேண்டியதைச் சொன்னதும் நிறுத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான். இரண்டே வருடத்தில், 1979இல், கீபோர்டும் நீளமான பாட்டுகளுமாக மூன்றாவது ஆல்பத்துக்குப் போய்விட்டார்கள்.

பிளாக் ஃபிளாக்கின் ‘மை வார்’ கதை இன்னும் உறைக்கும். 1981இல் ‘டேமேஜ்ட்’ ஆல்பத்தால் அமெரிக்க ஹார்ட்கோரின் முகமாக ஆன குழு. நடுவில் இசைத்தட்டுக் கம்பெனியோடு வழக்கு, புது ஆல்பம் எதுவும் இல்லை. ரசிகர்கள் காத்துக் கிடந்தார்கள். 1984இல் ‘மை வார்’ வந்தது. முதல் பக்கம் ஆறு பாட்டு, எதிர்பார்த்த மாதிரியே. தட்டைத் திருப்பினால் மூன்றே பாட்டு; ஒவ்வொன்றும் ஆறு நிமிடத்துக்கு மேல், சேற்றில் நடக்கிற மாதிரி. அன்றைக்கு ரசிகர்களில் பலர் அந்தப் பக்கத்தை வெறுத்தார்கள். மெல்வின்ஸ் போன்ற குழுக்களோ அங்கிருந்துதான் பிடித்துக்கொண்டு போனார்கள், அதிலிருந்து ஒரு தனிப் பாணியே கிளம்பியது. பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை, அது உங்கள் உரிமை. ஆனால் “இது பங்க் இல்லை” என்று சொல்வதும் “எனக்குப் பிடிக்கவில்லை” என்று சொல்வதும் ஒன்றல்ல.

ஒலியைக் கேட்டுவிட்டு நோக்கத்தைக் கண்டுபிடிப்பது

இதுதான் எனக்கு இன்றுவரை எரிச்சலூட்டும் தவறு. மற்றவை எல்லாம் ரசிகருக்குத்தான் நஷ்டம். இதில் குழுவே போய்விடும்.

ஜாபிரேக்கர் என்று மூன்று பேர் குழு, சான் பிரான்சிஸ்கோ வட்டாரம். பாடகர் பிளேக் ஷ்வார்ட்சன்பாக்கின் கரகரத்த குரலுக்காகவே உயிரை விட்ட ரசிகர்கள் இருந்தார்கள். 1993இல் நிர்வாணா என்ற புகழ்பெற்ற ராக் குழுவின் கச்சேரிகள் சிலவற்றில், அவர்கள் மேடை ஏறும் முன்னால் வாசித்தார்கள். அதற்கே முணுமுணுப்பு கிளம்பியது. பெரிய கம்பெனிக்குப் போகமாட்டோம் என்று மேடையிலேயே சொல்லிவந்தவர்கள், கடைசியில் கெஃபன் என்ற பெரிய இசைத்தட்டுக் கம்பெனியின் டிஜிசி லேபிளில் கையெழுத்துப் போட்டார்கள். 1995 செப்டம்பரில் ‘டியர் யூ’ வெளியானது. தயாரித்தவர் ராப் கவல்லோ, கிரீன் டே என்ற பங்க் குழுவின் ‘டூக்கி’ ஆல்பத்தைத் தயாரித்த அதே ஆள். கிட்டார்கள் அடுக்கடுக்காக, துடைத்து வைத்த மாதிரி. குரலில் பழைய கரகரப்பு இல்லை.

ரசிகர்கள் இரண்டையும் இரண்டையும் கூட்டி உடனே நான்கு என்றுவிட்டார்கள். கம்பெனி காசு கொடுத்தது, குரலை வழவழப்பாக்கச் சொன்னது, இவர்கள் தலையாட்டிவிட்டார்கள். கச்சேரிகளில் புதுப் பாட்டு தொடங்கியதும் மேடைக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தார்கள். காசு கொடுத்து டிக்கெட் வாங்கி, உள்ளே வந்து, முதுகைக் காட்டி உட்கார்வது! அந்த வைராக்கியத்தை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்புத்தான்.

இப்போது விட்டுப்போன தகவல். இதற்குச் சில வருடம் முன்பு, ஐரோப்பியச் சுற்றுப்பயணத்தின்போது, பாடகரின் குரல்நாணில் வளர்ந்திருந்த சதை முற்றிப்போய் அறுவை சிகிச்சை செய்ய வேண்டிவந்தது. ரசிகர்கள் நேர்மையின் அடையாளமாகக் கொண்டாடிய கரகரப்பில் ஒரு பங்கு நோயினுடையது. பாடுகிற விதத்தை மாற்றாமல் இருந்திருந்தால் எத்தனை நாளைக்குத் தொண்டை தாங்கியிருக்கும்?

அந்தக் கோபத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. மேடையில் சொன்ன சொல்லை மீறினார்கள், அதைக் கேட்க ரசிகருக்கு உரிமை உண்டு. கேளுங்கள். ஆனால் வழக்கு ஒப்பந்தத்தின் மேல் இருக்க, தண்டனையைப் பாட்டுக்குக் கொடுத்தார்கள். குழு 1996இல் கலைந்தது. ரசிகர்கள் மட்டுமே கலைத்தார்கள் என்றும் சொல்லமாட்டேன். மூவருக்குள்ளும் உரசல் முற்றி, பயணத்தின் நடுவே கைகலப்புவரை போனது. ஆனால் ஊர் ஊராகப் போய் முதுகுகளைப் பார்த்து வாசிக்கிறவர்களுக்குள் சண்டை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆல்பம் அச்சில் இல்லாமல் போனது. 2004இல் டிரம்மர் தன் சொந்த லேபிளில் மறுபடி கொண்டுவந்தார். இன்று அதைப் பாடமாக வைத்துப் பாட்டெழுதும் இளம் குழுக்கள் எத்தனையோ. மூவரும் மறுபடி பெரிய மேடை ஏறியது 2017இல், சிகாகோவில். இருபத்தோரு வருடம் வீண்.

இது எங்கோ அமெரிக்காவில் நடந்தது என்று விட்டுவிடலாம். நம் ஊரிலேயே அச்சாக நடந்ததுதான் பிரச்சினை.

இங்கே ஒரு கல்லூரியில் நாலு பையன்கள் பங்க் வாசித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு நிமிடப் பாட்டுகள், கிட்டாரில் மூன்றே கார்டு (சேர்த்து மீட்டும் சுரக்கூட்டு), காது கிழியும். ஒத்திகைக்கு இடமில்லை. ஒருவனின் பெரியம்மா மூலம் கானாடுகாத்தான் பக்கம் பூட்டிக் கிடந்த பெரிய வீடு ஒன்று கிடைத்தது. பங்காளிகள் எல்லாம் வெளியூரில். கல்யாணம், முன்னோருக்குப் படைக்கும் படைப்பு என்றால்தான் கதவு திறக்கும். வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய உட்கட்டில், ‘ஆம்ப்’ என்ற கிட்டார் ஒலிபெருக்கியை வைத்து வாசித்தார்கள்.

அந்த வீடுகளின் சுவரைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்து, கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கும். கீழே கல்லும் டைல்ஸும். திரைச்சீலை, மெத்தை என்று ஒலியை உறிஞ்ச ஒன்றும் கிடையாது. ஒரு அடி அடித்தால் அது சுவர் சுவராக மோதி அடங்கும் முன் அடுத்த அடி வந்துவிடும். வேகமாக வாசித்தால் எல்லாம் கலந்து வெறும் இரைச்சல். பையன்களுக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, காது சொல்லிவிட்டது. டிரம்ஸ் வாசித்தவன் அடியைப் பாதியாகக் குறைத்தான். கிட்டார்க்காரன் ஒலியைக் கரகரக்க வைக்கும் டிஸ்டார்ஷனைத் தணித்து, கார்டை ஒவ்வொரு கம்பியாகப் பிரித்து மீட்ட ஆரம்பித்தான். பாடியவன் வரிகளுக்கு நடுவே இடம் விட்டான். சில மாதத்தில் வேறு குழுவாக ஆகிவிட்டார்கள். தமிழிலும் எழுதத் தொடங்கினார்கள்.

அப்புறம் கல்லூரி விழா. முதல் வரிசையில் அவர்களுடைய நண்பர்கள். முதல் மெதுவான பாட்டு தொடங்கியதுமே, “என்னடா, சினிமாவுக்கு ட்ரை பண்றீங்களா?” என்று ஒரு குரல். அரங்கமே சிரித்தது. ஏவிஎம் செட்டியார் கிளம்பிய ஊர் அல்லவா, இங்கே யார் மெட்டை மாற்றினாலும் சந்தேகம் சினிமாவின் மேல்தான் விழும். அந்தப் பையன்களிடம் ஆம்புக்கு வாடகை கொடுக்கக் காசில்லை. எந்தக் கம்பெனியும் அவர்களைத் தேடி வரவில்லை. மாறியதற்குக் காரணம் ஒரு சுவர்.

அதற்குப் பிறகு அவர்கள் சேர்ந்து வாசிக்கவில்லை. வளவில் போனில் பதிந்த நாலு பாட்டு என்னிடம் இருக்கிறது. அவர்கள் செய்ததிலேயே தேறுவது அவைதான். அன்று கத்தினவனிடம் சமீபத்தில் போட்டுக் காட்டினேன். “நல்லா இருக்கேண்ணே, யாரு இது?” என்கிறான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

ஆகவே, ஒலி மாறியிருந்தால் முதலில் விசாரிக்க வேண்டியது சாதாரண விஷயங்களை. டிரம்மர் புதியவரா? எங்கே பதிவு செய்தார்கள்? எத்தனை நாள் கிடைத்தது? பாடகரின் தொண்டைக்கு என்ன ஆயிற்று? நியூயார்க்கின் ரமோன்ஸ் குழுவின் முதல் ஆல்பம் 1976இல் சுமார் 6,400 டாலரில், ஒரு வாரத்தில் முடிந்தது. லண்டனின் கிளாஷ் குழுவின் முதல் ஆல்பத்துக்கு மூன்று வார இறுதிகளே போதுமாக இருந்தன. அந்தக் கரடுமுரடில் கொள்கை எவ்வளவு, நேரம் எவ்வளவு, கைப்பழக்கம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. அடுத்த தடவை நேரமும் பழக்கமும் கூடினால் ஒலியும் மாறத்தான் செய்யும். இதையெல்லாம் பார்த்த பிறகும் காரணம் காசுதான் என்று தெரிந்தால், சரி, தாராளமாகத் திட்டுங்கள்.

பழைய ஆல்பத்தையே சரியாகக் கேட்காதது

‘லண்டன் காலிங்’ 1979 டிசம்பரில் வந்தபோது ஸ்கா, ராக்கபில்லி, ஜாஸ் என்று வேறு இசைகளின் வாடை எல்லாம் வந்துவிட்டதே என்று கிளாஷ் மேல் வருத்தப்பட்டவர்கள் உண்டு. வருத்தப்பட்டவர்களின் அலமாரியில் 1977இன் முதல் ஆல்பம் இருந்தது. அதில் ஜமைக்கப் பாடகர் ஜூனியர் மர்வினின் ரெகே பாட்டு ஒன்று ஆறு நிமிடத்துக்கு ஓடுகிறது. இரண்டு நிமிடப் பாட்டுகளுக்கு நடுவே ஆறு நிமிடம்! அடுத்து எங்கே போகப்போகிறோம் என்று அவர்கள் அப்போதே சொல்லிவிட்டார்கள். ரசிகர் அந்தப் பாட்டைத் தாண்டி ஊசியை வைத்திருப்பார்.

கிரீன் டேயும் அப்படித்தான். 1997இல் ‘நிம்ராட்’டில் வெறும் கிட்டாரும் வயலின்களுமாக வந்த ‘குட் ரிடன்ஸ்’ பலரைக் கொதிக்க வைத்தது. அது பெயர் கிடைத்த பிறகு உட்கார்ந்து செய்த பாட்டு இல்லை. ‘டூக்கி’ பதிவான காலத்திலேயே பாடகர் பில்லி ஜோவின் கையில் இருந்தது. வேறு வடிவில் ஒரு சிங்கிளின் பின்பக்கத்திலும் வந்துவிட்டது. திரும்பக் கேளுங்கள். பெரும்பாலும் விதை அங்கேயே கிடக்கும்.

மாற்றம் எல்லாமே வளர்ச்சி என்று கைதட்டுவது

நாலு கட்டுரை படித்த ரசிகர் செய்கிற தவறு இது. திட்டுகிறவர்களைவிட இவர்களோடு பேசுவது சிரமம்.

பேட் ரிலிஜன் என்ற அமெரிக்கக் குழு 1982இல் அருமையான முதல் ஆல்பம் போட்டார்கள். அடுத்த வருடமே ‘இன்டு தி அன்நோன்’: கீபோர்டு, நீண்ட பாட்டுகள், எழுபதுகளின் ராக் சாயல். பதிவின்போதே பேஸ் வாசிப்பவர் விலகிவிட்டார். பத்தாயிரம் பிரதி அடித்தார்கள், பெரும்பகுதி விற்காமல் திரும்பியது. அனுப்பியது பத்தாயிரம், திரும்பி வந்தது பதினோராயிரம் என்று கிட்டார்க்காரரே பின்னாளில் கிண்டலடித்துக்கொண்டார். 1985இல் ‘பேக் டு தி நோன்’ என்ற சின்னத் தட்டோடு பழைய பாணிக்கே வந்தார்கள். 1988இல் ‘சஃபர்’ வந்து ஒரு தலைமுறையையே உருவாக்கியது. அந்த இரண்டாவது ஆல்பம் நான் கேட்டவரை மோசமில்லை, ஆனால் அவர்களுக்கு ஒட்டாத சட்டை. ரசிகர்கள் வாங்காமல் விட்டது சரியான முடிவுதான். முதுகைக் காட்டி உட்காராமல், வாங்காமல் விட்டார்கள் என்பதைக் கவனியுங்கள்.

புதுப் பாட்டு ஓடும்போது பழைய பாட்டைக் கேட்டுக் கத்துவது

வேண்டாம்.

கோபத்தில் பழைய தட்டுகளை விற்பது

முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன. பித்தளை அண்டாவுக்கும் எனாமல் தூக்குக்கும் நடுவில் ஒரு பங்க் எல்பியைப் பார்த்தால், யாரோ ஒருவர் எதையோ நிரூபித்துவிட்டுப் போயிருக்கிறார் என்று அர்த்தம். அடுத்த மாதம் திரும்பி வருவார். கடைக்காரர்கள் முகத்தைப் பார்த்தே விலை சொல்வார்கள்.

புதிதாக வந்தவர்களை விரட்டுவது

மாறிய ஒலியால் புது ஆட்கள் வருவார்கள். அவர்களிடம் போய், முதல் ஆல்பம் வந்த வருடம் என்ன, டிரம்மர் பெயர் என்ன என்று வினாத்தாள் நீட்டாதீர்கள். 2004இல் கிரீன் டேயின் ‘அமெரிக்கன் இடியட்’ வழியாக வந்தவர்களைப் பார்த்து “நீங்கள்லாம் லேட்” என்றவர்களில் பாதிப்பேர் 1994இல் ‘டூக்கி’யைக் கேட்டு வந்தவர்கள். அவர்கள் வந்தபோது, பெர்க்லியில் 924 கில்மன் தெரு அரங்கில் குழு புகழ் பெறும் முன் வாசித்த காலத்திலிருந்தே நின்ற கூட்டம் அவர்களைப் பார்த்து இதையேதான் சொன்னது. அந்த அரங்கமோ, பெரிய கம்பெனிக்குப் போனதற்காகக் குழுவுக்கே கதவைச் சாத்திவிட்டு, 2015இல் ஒரு நிதிக் கச்சேரிக்கு மறுபடி மேடை கொடுத்தது.