அடுக்குமாடி வீட்டில் டிசம்பர் பிளம் கேக்: முதல்முறை செய்பவர்களுக்கு

சென்னையில் கார்த்திகை மழை பிடித்துக்கொண்டால் அடுக்குமாடிக் குடியிருப்பில் பொழுதைப் போக்குவது பெரும்பாடு. மொட்டை மாடி வழுக்கும், கீழே விளையாடும் இடத்தில் தண்ணீர் தேங்கும், பால்கனிக் கொடியில் துணி காயாமல் வாடை அடிக்கும். அரையாண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகளும் வீட்டில் இருந்துவிட்டால் சொல்லவே வேண்டாம். இந்தப் பருவத்துக்கு என் சிபாரிசு பிளம் கேக். பழம் நறுக்குவது, ஊறவைப்பது, சர்க்கரை காய்ச்சுவது, மாவு கலப்பது என்று வேலை சில நாள்களுக்குப் பரவியிருக்கும். வீட்டில் இருக்கும் எல்லாருக்கும் ஏதாவது ஒரு பங்கு கிடைக்கும்.

முதல் கேக்காகப் பலரும் தேர்ந்தெடுப்பது வெள்ளை ஸ்பாஞ்ச். அதை நான் ஒப்புக்கொள்வதில்லை. ஸ்பாஞ்ச் கொஞ்சம் உப்பாமல் போனாலும் பார்த்த உடனே தெரிந்துவிடும். பிளம் கேக்குக்கோ கனமும் கருநிறமும்தான் இயல்பு. சற்றுக் குறைவாக உப்பினாலும், மேற்புறம் சிவக்காவிட்டாலும் யாருக்கும் தெரியாது. ஓவன் இல்லாத வீட்டுக்கும் இதுவே பொருத்தம்.

அளவெல்லாம் சரியாகப் போட்டும் கேக் கெட்டுப்போகிறது என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது சூட்டை. ஓவனுக்குள் இருக்கும் சூடு மட்டுமல்ல, நம் அடுக்களையின் சூடும் இதில் அடக்கம். கீழே வரும் படிகளில் சூட்டைப் பற்றியே அதிகம் பேசியிருக்கிறேன்.

தேவையானவை (7 அங்குல வட்ட டின் ஒன்றுக்கு)

மைதா 150 கிராம், வெண்ணெய் 120 கிராம், பொடித்த சர்க்கரை 100 கிராம், முட்டை 3, பேக்கிங் பவுடர் 1 டீஸ்பூன்.

கேரமலுக்குச் சர்க்கரை 75 கிராம், வெந்நீர் 60 மி.லி.

கறுப்பு உலர்திராட்சை 100 கிராம், மஞ்சள் உலர்திராட்சை, பேரீச்சம்பழம், டூட்டி ஃப்ரூட்டி ஆகியவை தலா 50 கிராம், முந்திரி 50 கிராம், ஆரஞ்சுச் சாறு 150 மி.லி.

ஒரு அங்குலப் பட்டை, 4 கிராம்பு, 3 ஏலக்காய், கால் டீஸ்பூன் சுக்குத்தூள், ஜாதிக்காய்த்தூள் ஒரு சிட்டிகை.

கடையில் கிடைக்கும் மஞ்சள் நிற வெண்ணெய்க் கட்டிகளில் பெரும்பாலும் உப்பு இருக்கும். அதை வாங்கினால் தனியாக உப்பு வேண்டாம். உப்பில்லாத வெண்ணெய் என்றால் ஒரு சிட்டிகை சேருங்கள். கப் கணக்கை நம்பாமல் சமையலறைத் தராசு ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது. வீட்டுக்கு வீடு கப்பின் அளவு மாறும்.

வெளிநாட்டுப் பழங்களைத் தேடி அலைய வேண்டாம். கேரளத்தின் தலச்சேரியில் 1883-ஆம் ஆண்டு மம்பள்ளி பாபு என்ற பேக்கரிக்காரரிடம் மர்டாக் பிரவுன் என்ற ஆங்கிலேயத் தோட்ட முதலாளி ஒரு கேக்கைக் கொடுத்து, அதே மாதிரி செய்து தரச் சொன்னார் என்றும், பாபு உள்ளூர்ப் பொருள்களைக் கொண்டே கிறிஸ்துமஸ் கேக் செய்து அசத்தினார் என்றும் அங்கே வழிவழியாகச் சொல்கிறார்கள். நம் தெருமுனை மளிகைக் கடையில் கிடைப்பதே நமக்கும் போதும்.

படி 1: பழங்களை ஊறவைத்தல்

நறுக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் விட்டுவிடலாம். பேரீச்சையில் கொட்டை எடுப்பதும், திராட்சையில் காம்பு கிள்ளுவதும் அவர்களுக்குப் பிடித்துப்போகும். எல்லாவற்றையும் திராட்சை அளவுக்கு நறுக்குங்கள். பெரிய துண்டுகள் மாவில் அடியில் போய்ப் படிந்துவிடும்.

இது கமலா ஆரஞ்சு வரும் பருவம். பிழிவதற்கு முன் பழத்தை உரிக்காமலே தோலின் மேற்பரப்பை மட்டும் துருவி, ஒரு டீஸ்பூன் எடுத்து வையுங்கள். உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதி கசக்கும். அது கண்ணில் பட்டதும் நிறுத்திவிட வேண்டும்.

பழங்களைச் சாற்றோடு சேர்த்துச் சிறு தீயில் ஐந்து நிமிடம் சூடாக்கி, ஆறவைத்து, மூடி போட்ட கண்ணாடிப் பாத்திரத்தில் ஊற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். ஒரு நாள் ஊறினாலே போதும், ஒரு வாரம் வரை இருக்கலாம். ரம்மில் ஊறும் பழத்தை மாதக்கணக்கில் வெளியே வைப்பதைப் பார்த்துவிட்டு, சாற்றில் ஊறும் பழத்தையும் அலமாரியில் வைத்துவிடாதீர்கள். நம் ஊர் வெப்பத்தில் அது நுரைத்துப் புளித்துவிடும்.

படி 2: கேரமல்

புதியவர்கள் பயப்படுவது இந்தப் படிக்குத்தான். பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் கூடத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

அடி கனமான வாணலியில் 75 கிராம் சர்க்கரையை மட்டும் பரப்பி, மிதமான தீயில் வையுங்கள். தண்ணீர் வேண்டாம், கரண்டியும் வேண்டாம். முதல் இரண்டு நிமிடம் ஒன்றுமே நடக்காது. பிறகு ஓரத்தில் இருக்கும் சர்க்கரை கண்ணாடியாக உருகும். வாணலியின் காதைப் பிடித்து மெல்லச் சுழற்றுங்கள். தேன் நிறம் வரும், அடுத்து செம்பழுப்பு. அதோடு நிறுத்தினால் கேக் இனிக்கும், கறுக்காது. இன்னும் அரை நிமிடம் பொறுத்தால் ஃபில்டர் காபி டிகாஷன் போல அடர்ந்து, மெல்லிய புகை எழும். அந்தக் கணமே அடுப்பை அணைத்துவிடுங்கள்.

உடனே தயாராக வைத்திருக்கும் வெந்நீரைச் சிறிது சிறிதாக, கையை எட்ட வைத்து ஊற்றுங்கள். சீறிக்கொண்டு பொங்கும், பயப்பட வேண்டாம். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் சீற்றம் இன்னும் அதிகமாகும், சர்க்கரையும் கல்லாக இறுகிவிடும். அப்படி இறுகினாலும் கெட்டுப்போகவில்லை, சிறு தீயில் வைத்துக் கிளறினால் கரைந்துவிடும். முழுவதும் ஆறியபின்தான் மாவில் சேர்க்க வேண்டும். முதல் நாள் இரவே காய்ச்சி வைத்தால் அவசரம் இராது.

படி 3: வெண்ணெயும் சர்க்கரையும்

ஆங்கிலச் சமையல் குறிப்புகளில் 'அறை வெப்பநிலையில் உள்ள வெண்ணெய்' என்று இருக்கும். அவர்கள் அறையின் வெப்பம் ஏறக்குறைய 20 டிகிரி. டிசம்பர் நண்பகலில்கூடச் சென்னை அடுக்களை அதைவிட நன்றாகவே சூடாக இருக்கும். ஒரு மணி நேரம் வெளியே வைத்தால் நம் வெண்ணெய் பளபளவென்று எண்ணெய் விட்டுவிடும். அந்த வெண்ணெயை எவ்வளவு நேரம் அடித்தாலும் காற்று உள்ளே தங்காது. கேக்கின் அடியில் எண்ணெய் கசிந்து நிற்கும்.

ஆகவே வெண்ணெயைச் சிறு துண்டுகளாக நறுக்கிப் பத்து, பதினைந்து நிமிடம் மட்டும் வெளியே வையுங்கள். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், விரல் உள்ளே புதைந்துவிடக் கூடாது. அடிக்கும்போது இளகினால் பாத்திரத்தோடு பத்து நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்து மீண்டும் அடிக்கலாம். காலை ஆறு மணிக்குச் செய்தால் இந்தத் தொல்லையே இல்லை. ஆனால் அந்த நேரத்தில் எலெக்ட்ரிக் பீட்டர் போட்டால் பக்கத்து வீட்டுக்காரர் என்ன சொல்வாரோ! மரக்கரண்டியால் எட்டு, பத்து நிமிடம் அடித்தாலும் வெண்ணெயும் பொடித்த சர்க்கரையும் வெளுத்து இலகுவாகிவிடும். தோள் வலிக்கும், அவ்வளவுதான்.

முட்டை விஷயம் நேர் எதிர். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சில்லென்ற முட்டையை ஊற்றினால் வெண்ணெய் திரிந்துவிடும். அரை மணி நேரம் முன்பே வெளியே எடுத்துவையுங்கள். ஒவ்வொன்றாக ஊற்றி அடியுங்கள். திரிவது போல் தெரிந்தால் ஒரு மேசைக்கரண்டி மைதா சேர்த்தால் கூடிவரும்.

முட்டை சேர்க்காதவர்கள் 150 மி.லி. கெட்டித் தயிரில் அரை டீஸ்பூன் சமையல் சோடாவைக் கலந்து, அது நுரைத்ததும் சேர்க்கலாம். அப்போது பேக்கிங் பவுடரை அரை டீஸ்பூனாகக் குறைத்துவிடுங்கள்.

படி 4: மாவு கலத்தல்

மசாலாவை ஒரு கரண்டி சர்க்கரையோடு மிக்சியில் பொடித்து, மைதா, பேக்கிங் பவுடரோடு இருமுறை சலியுங்கள். பழங்களை வடிகட்டி, முந்திரியோடு சேர்த்து, சலித்த மாவில் இரண்டு கரண்டி தூவிப் பிரட்டிவையுங்கள். வெண்ணெய்க் கலவையில் ஆறிய கேரமல், துருவிய ஆரஞ்சுத் தோல், பிறகு மீதி மாவை மூன்று தவணையாகச் சேர்த்து மெல்லக் கிளறுங்கள். மாவு போட்டபின் அடிக்கக் கூடாது, கேக் இறுகிவிடும். கடைசியில் பழங்கள். கரண்டியில் எடுத்தால் ஒழுகாமல் நிற்க வேண்டும், தட்டினால் தொப்பென்று விழ வேண்டும். கெட்டியாக இருந்தால் வடித்த சாற்றில் ஒரு கரண்டி ஊற்றுங்கள்.

டின்னின் அடியிலும் ஓரத்திலும் வெண்ணெய் தடவி, பட்டர் பேப்பர் விரித்து, முக்கால் பாகம் வரை மட்டும் நிரப்புங்கள்.

படி 5 (அ): ஓடிஜி (மேசையில் வைக்கும் சின்ன மின்சார ஓவன்) இருந்தால்

முதலில் மின்சாரக் கணக்கு. 1,200 வாட் ஓடிஜி 5 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். கைப்பேசி சார்ஜ் செய்யும் சின்ன பிளக்கில் ஒரு மணி நேரம் ஓட்டுவது நல்லதல்ல, கீசருக்கும் வாஷிங் மெஷினுக்கும் வைத்திருக்கும் பெரிய பிளக்கில் மாட்டுங்கள். கீசர் 2,000 வாட் என்றால் அது தனியே 8 ஆம்பியருக்கு மேல். பழைய குடியிருப்புகளில் இரண்டும் ஒரே இணைப்பில் இருந்தால், சுமை மீறும்போது மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்சிபி விழுந்துவிடலாம், கேக் பாதியில் அமுங்கிவிடும். கேக் வேகும் நேரத்தில் யாரையும் குளிக்க விடாதீர்கள். வீட்டு இன்வெர்ட்டரை நம்பியும் இறங்க வேண்டாம். மின்தடை அறிவிப்பு இருக்கிறதா என்று குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, ஓடிஜியின் திருகு காட்டும் எண்ணும் உள்ளே இருக்கும் சூடும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஓவன் தெர்மாமீட்டரை உள்ளே வைத்துப் பாருங்கள். சிலிக்கான் அச்சு, அலங்கார நாசில் எல்லாம் வாங்குவதற்கு முன்னால் வாங்க வேண்டியது இதுதான். 150 டிகிரியில் பதினைந்து நிமிடம் முன்சூடு செய்து, டின்னை அடித்தட்டில் வையுங்கள். சின்ன ஓவனில் மேல்கம்பி கேக்குக்கு மிக அருகில் இருக்கும். நாற்பத்தைந்து நிமிடம் கதவைத் திறக்காதீர்கள். அதற்குப் பின் மேற்புறம் கறுக்கத் தொடங்கியிருந்தால் அலுமினியத் தாளால் தளர்வாக மூடுங்கள். மொத்தம் 60 முதல் 75 நிமிடம்.

மைக்ரோவேவ் வைத்திருப்பவர்கள், ஓவன் போலச் சூடான காற்றைச் சுழற்றும் கன்வெக்ஷன் வசதி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெறும் மைக்ரோவேவ் இந்த வேலைக்கு ஆகாது.

படி 5 (ஆ): ஓவன் இல்லாவிட்டால்

நல்ல குக்கரை இதற்குப் பலி கொடுக்காதீர்கள். தண்ணீர் இல்லாமல் ஒரு மணி நேரம் காய்ந்தால் அதன் அடிப்பகுதி கெடும். மூடியுள்ள பழைய கனமான அலுமினியப் பாத்திரம் போதும். குக்கர்தான் என்றால் கேஸ்கட்டையும் வெயிட்டையும் கட்டாயம் கழற்றிவிட வேண்டும்.

அடியில் ஓர் அங்குலம் கல்லுப்பு பரப்பி, மேலே ஒரு வளையத்தை வைத்து, மூடி, மிதமான தீயில் பத்து நிமிடம் சூடாக்குங்கள். டின்னை வளையத்தின் மேல் வையுங்கள், பக்கச் சுவரைத் தொடக் கூடாது. மூடியபின் சிறிய பர்னருக்கு மாற்றி, தீயை இயன்ற மட்டும் குறைத்துவிடுங்கள். பால்கனிக் கதவு திறந்திருந்தால் மழைக்காற்றில் இந்தச் சிறு தீ அணைந்து, எரிவாயு மட்டும் கசிந்துகொண்டிருக்கும். கதவைச் சாத்திவிட்டு, எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு, அடுக்களையிலேயே இருங்கள். 70 முதல் 90 நிமிடம் ஆகலாம்.

படி 6: வெந்ததா, ஆறியதா?

நடுவில் ஈர்க்குச்சியைக் குத்தி எடுத்தால் ஈரமாவு ஒட்டக் கூடாது. பழத்தின் பிசுக்கு ஒட்டினால் பரவாயில்லை, வேறோர் இடத்தில் குத்திப் பாருங்கள். டின்னிலேயே பதினைந்து நிமிடம் விட்டு, பிறகு கவிழ்த்துக் கம்பித்தட்டில் வையுங்கள். சூட்டோடு டப்பாவில் அடைத்தால் உள்ளே வியர்த்து, இந்த ஈரப்பதத்தில் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும்.

அன்றே வெட்டாதீர்கள். மறுநாள்தான் மசாலா மணம் இறங்கியிருக்கும், துண்டும் உதிராது. காற்றுப் புகாத டப்பாவில் வெளியே மூன்று நாள், ஃபிரிட்ஜில் பத்து நாள் வரை வைக்கலாம். மழைக்கு எறும்பு மாடி ஏறிவரும், டப்பாவைத் தண்ணீர்த் தட்டின் நடுவே வையுங்கள். எதிர் வீட்டுக்கு அனுப்பும்போது, முட்டையோ ரம்மோ சேர்த்திருந்தால் வாசலிலேயே சொல்லிவிடுங்கள். வாசனைதான் முன்கூட்டியே லிஃப்ட் வரை போய்விட்டதே, தட்டு வராவிட்டால் கேட்பார்கள்.

மறுநாள் வரை பிள்ளைகள் பொறுக்க மாட்டார்கள். அதற்காக ஒரு சின்ன ஏற்பாடு. கேக் வேகும்போதே 100 கிராம் மைதா, 50 கிராம் பொடித்த சர்க்கரை, 60 கிராம் உறைந்த நெய், கொஞ்சம் ஏலத்தூள் சேர்த்துப் பிசைந்து, நெல்லிக்காய் அளவில் உருட்டி, லேசாக அமுக்கித் தட்டில் இடைவெளி விட்டு அடுக்குங்கள். மாவு உதிர்ந்தால் அரை டீஸ்பூன் நெய். கேக்கை எடுத்ததும் ஓவனை 160 டிகிரிக்கு ஏற்றி இந்தத் தட்டை உள்ளே தள்ளினால், பதினைந்து நிமிடத்தில் நெய் பிஸ்கட் தயார். எடுக்கும்போது தொட்டால் மெத்தென்றுதான் இருக்கும். வேகவில்லை என்று மறுபடி உள்ளே வைக்காதீர்கள், ஆறும்போது தானாக மொறுமொறுப்பாகிவிடும்.