முதலாம் ஆண்டு மாணவருக்கான தெரிவுப் பாட வழிகாட்டி: மலையேற்றம், தற்காப்புக் கலை, கூத்து

பல்கலைக்கழகத்துக்கு வரும் மலையகப் பிள்ளைகளில் பலர் தங்கள் குடும்பத்திலிருந்து முதன்முதலாகப் பட்டப்படிப்புக்கு வருகிறவர்கள். கட்டாயப் பாடங்களைப் பற்றி மூத்த மாணவர்கள் சொல்லித் தந்துவிடுவார்கள். தெரிவுப் பாடத்தை எப்படித் தெரிவது என்பதை மட்டும் யாரும் உட்காரவைத்து விளக்குவதில்லை. அதனால் மலையேற்றம், சிலம்பம், கராத்தே, நடனம், நாடகம் போன்ற பாடங்கள் புள்ளிகளை எளிதாகத் தரும் பாடங்கள் என்ற எண்ணத்தோடு பதிவு செய்துவிட்டு, பாதி அரையாண்டில் திணறும் பிள்ளைகளை ஆண்டுதோறும் பார்க்கிறேன். உடலையும் கலையையும் சார்ந்த பாடங்கள் கட்டாயப் பாடத்துக்குக் குறையாத உழைப்பைக் கேட்பவை. அந்த உழைப்பைப் பதிவுக்கு முன்பே அளந்து பார்க்கும் முறையைத்தான் கீழே படிப்படியாகத் தருகிறேன். எல்லாப் பீடங்களிலும் இப்பாடங்கள் கிடைப்பதில்லை. கிடைக்காத இடத்தில் உடற்கல்விப் பிரிவின் பயிற்சிக்கும் மாணவர் சங்கங்களுக்கும் இதே படிகள் பொருந்தும்.

படி 1: கையேட்டைத் திறந்து மணித்தியாலங்களைக் கணக்கிடுங்கள்

பீடக் கையேட்டில் பாடத்தின் பெயருக்கு எதிரே கிரெடிட் எண்ணிக்கை இருக்கும். இலங்கையின் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது வகுப்பு, செய்முறை, சுயபயிற்சி, மதிப்பீடு அனைத்தும் சேர்ந்த 50 மணித்தியாலக் கற்றலைக் குறிக்கும். ஆகவே 2 கிரெடிட் பாடம் 100 மணித்தியாலங்களைக் கேட்கிறது. அதை 15 வாரங்களுக்குப் பிரித்தால் வாரத்துக்கு ஏறத்தாழ 7 மணித்தியாலம் வருகிறது. கால அட்டவணையில் இரண்டு மணித்தியாலம் மட்டுமே தெரிகிறதென்றால் மீதி ஐந்தும் உங்கள் சொந்த நேரத்திலிருந்து போகப்போகிறது என்று பொருள். அந்தப் பாடத்தின் பெறுபேறு சராசரிப் புள்ளியில் சேர்க்கப்படுமா, முன்கூட்டியே வேறு பாடம் முடித்திருக்க வேண்டுமா என்ற இரண்டையும் இப்போதே பார்த்து எழுதிவையுங்கள்.

படி 2: வரவை எண்ணுங்கள்

எழுத்துப் பரீட்சைப் பாடத்தில் தவறவிட்ட விரிவுரையை நண்பரின் குறிப்பைப் பார்த்து ஈடுசெய்யலாம், செய்முறைப் பாடத்தில் அது முடியாது. 80 சதவீத வரவு கேட்கப்படும் பாடத்தில் வாரத்துக்கு ஒன்றாக 15 வகுப்புகள் இருந்தால், மூன்றைத் தவறவிடலாம், நான்காவதைத் தவறவிட முடியாது. தீபாவளி, பொங்கல், தோட்டத்துத் திருவிழா என்று ஊருக்குப் போகும் நாட்களை முதலில் நாட்காட்டியில் குறித்துவிட்டு அதற்குமேல் வகுப்பு நாட்களைக் குறியுங்கள். நான் படித்த காலத்தில் சனிக்கிழமைக் காலை வகுப்புள்ள ஒரு பாடத்தை இப்படி எண்ணிப் பார்க்காமல் எடுத்தேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பின்னேரம் ஹட்டன் பஸ்ஸில் ஏறிவிடும் பழக்கத்தால், பிடித்த பாடமாக இருந்தும் அதைப் பாதியில் விட வேண்டியதாயிற்று. அந்த வருத்தம் இன்றும் உண்டு.

படி 3: மலையேற்றம் என்றால் மழையையும் உயரத்தையும் பாருங்கள்

மலையில் பிறந்து வளர்ந்த நமக்கு இந்தப் பாடம் தேவையா என்று பலர் கேட்கிறார்கள். நல்லதண்ணியிலிருந்து சிவனொளிபாத மலைக்குப் பலமுறை ஏறியவர்களுக்கும் தேவை என்பதே என் பதில். யாத்திரைப் பாதையில் படிக்கட்டும் விளக்கும் தேநீர்க் கடையும் இருக்கின்றன. இந்தப் பாடம் கற்பிப்பதோ அவை எதுவும் இல்லாத இடத்தில் ஒரு குழுவைக் கூட்டிச்சென்று பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவருவதை.

முதலில் வரைபடம் வாசிக்கப் பழகுங்கள். 1:50,000 அளவுத்திட்ட வரைபடத்தில் 2 சென்ரிமீற்றர் ஒரு கிலோமீற்றரைக் குறிக்கும். சமவுயரக் கோடுகள் நெருங்கியிருந்தால் சரிவு செங்குத்தானது. பிறகு நேரத்தைக் கணக்கிடுங்கள்: ஸ்கொட்லாந்து மலையேறியான நெய்ஸ்மித் 1892 இல் வகுத்த விதி, 5 கிலோமீற்றர் நடைக்கு ஒரு மணித்தியாலமும், ஏறும் ஒவ்வொரு 600 மீற்றருக்கும் மேலதிகமாக ஒரு மணித்தியாலமும் சேர்க்கச் சொல்கிறது. 10 கிலோமீற்றர் தூரமும் 600 மீற்றர் ஏற்றமும் உள்ள பாதைக்கு ஓய்வில்லாமலே மூன்று மணித்தியாலம் என்று இதிலிருந்து தெரியும். புதியவர்கள் உள்ள குழுவுக்கு இதில் பாதியை இன்னும் கூட்டிக்கொள்ளுங்கள்.

காலநிலையில் மலையகம் முழுவதும் ஒன்றல்ல. மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேல் பருவமழை ஹட்டன், நுவரெலியா போன்ற மேற்குப் பக்கங்களை நனைக்கும்போது பதுளைப் பக்கம் பெரும்பாலும் காய்ந்திருக்கும்; டிசெம்பரை ஒட்டிய வடகீழ் மழையில் பதுளைப் பக்கம் நனையும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமின்னல் வழக்கம் என்பதால், அந்த மாதங்களில் நண்பகலுக்குள் மலைமுகட்டைவிட்டு இறங்கிவிடும்படி திட்டமிட வேண்டும். ஒவ்வொரு ஆயிரம் மீற்றர் ஏற்றத்துக்கும் ஏறத்தாழ 6.5 பாகை செல்சியஸ் வெப்பம் குறைவதால், சுமார் 500 மீற்றர் உயரத்திலுள்ள கண்டியில் புறப்படும்போது போட்ட ஒற்றைச் சட்டை, 2,000 மீற்றருக்கு மேலுள்ள ஹோர்ட்டன் சமவெளியில் போதாது. நல்ல பிடிப்புள்ள சப்பாத்து, மழையங்கி, நனையாத பையில் ஒரு கம்பளிச் சட்டை ஆகிய மூன்றும் இல்லாமல் புறப்படாதீர்கள். அட்டைக்குப் பயந்து பாடத்தை விடவேண்டாம். காற்சட்டையின் கீழ்முனையை நீண்ட காலுறைக்குள் செருகிவிட்டு, கடித்த அட்டையை நகத்தால் பக்கவாட்டில் தள்ளி எடுத்துக் காயத்தைச் சவர்க்காரமிட்டுக் கழுவினால் போதும்.

படி 4: தற்காப்புக் கலையில் முதல் மாதத்தை விசாரியுங்கள்

சிலம்பமோ கராத்தேயோ ஜூடோவோ, ஆசிரியரிடம் முதல் நான்கு வாரங்களில் என்ன கற்பிக்கப்படும் என்று கேளுங்கள். நிலை, காலடி, காயமில்லாமல் விழும் முறை என்று பதில் வந்தால் நம்பிச் சேரலாம். முதல் வாரத்திலேயே மோதல் பயிற்சி என்றால் வேறு வகுப்பைத் தேடுங்கள். சிலம்பக் கம்பு சுற்றுபவரின் உயரத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்பதால், வாங்குவதற்கு முன் ஆசிரியரிடம் அளவைக் கேட்பது நல்லது. பழைய முழங்கால் வலி, வலிப்பு, மூச்சிரைப்பு எதுவாயினும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். சிங்கள நண்பர்கள் வழியாக அங்கம்பொர கற்கும் வாய்ப்புக் கிடைத்தால் அதையும் போய்ப் பாருங்கள். வெறுங்கைப் போர்முறையான அங்கமும் ஆயுதப் போர்முறையான இலங்கமும் சேர்ந்த அந்தக் கலைக்கும் நம் சிலம்பத்துக்கும் ஒப்பிட்டுப் பார்க்க நிறையவே உண்டு.

படி 5: கலைப் பாடத்துக்கு ஊரிலிருந்தே தொடங்குங்கள்

நாடகமும் அரங்கியலும், இசை, நடனம் ஆகிய பாடங்களில் ஆற்றுகையோடு எழுத்துப் பதிவேடும் பெரும்பாலும் கேட்கப்படும். அந்தப் பதிவேட்டுக்கு மலையகப் பிள்ளையிடம் இருப்பதைப் போன்ற செல்வம் வேறு எவரிடமும் இல்லை என்று உறுதியாகச் சொல்வேன். மாசி மாதத்தில் தோட்டத்தில் நடக்கும் காமன் கூத்தில் மன்மதனும் ரதியும் எப்படி வேடமிடுகிறார்கள், தப்பு என்னும் தோற்கருவியை நெருப்பில் காய்ச்சியதும் ஓசை எப்படி மாறுகிறது, காமன் எரியும் கட்டத்தில் அடி எப்படி வேகமெடுக்கிறது என்பவற்றை ஒவ்வொன்றாகக் குறியுங்கள். வயதான கூத்து வாத்தியார் ஒருவரிடம் இருந்து கேட்டு எழுதுங்கள். கைத்தொலைபேசியில் பதிவு செய்வதற்கு முன் அவருடைய அனுமதியைப் பெற வேண்டும், அவர் பாடுவதை நடுவில் நிறுத்தி விளக்கம் கேட்கக் கூடாது. தப்படிப்பதை வகுப்பில் சொல்லக் கூச்சப்படும் பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். அந்தக் கூச்சத்துக்குக் காரணமான சாதிப் பேச்சுகளையும் அறிவேன். ஆனால், நுணுக்கமான தாளக் கணக்குள்ள ஒரு கருவியைச் சிறுவயதிலிருந்தே பழகியவர், அதை மறைக்க எந்த நியாயமும் இல்லை.

படி 6: முதல் வகுப்புக்குப் போய்விட்டுப் பதிவை உறுதிசெய்யுங்கள்

பாடத்தை மாற்றிக்கொள்ள அரையாண்டின் தொடக்கத்தில் தரப்படும் கால எல்லையைக் கையேட்டில் பார்த்து, அதற்குள் இரண்டு பாடங்களின் முதல் வகுப்புக்காவது போய் உட்காருங்கள். உபகரணச் செலவு, காயமேற்பட்டால் செய்யும் ஏற்பாடு, வரவுக் குறைவுக்கு மருத்துவச் சான்றிதழ் ஏற்கப்படுமா ஆகியவற்றை ஆசிரியரிடம் நேரிலேயே கேளுங்கள். தெரிந்தெடுத்ததும் படிவத்தில் கையொப்பம் வாங்கி, பிரதியொன்றை உங்களிடமே வைத்துக்கொண்டு, மூலத்தைக் கடைசி நாளுக்கு முன்பே பீட அலுவலகத்தில் ஒப்படைத்துவிடுங்கள்.