லினக்ஸ் கர்னலில் வன்பொருள் விவரங்களை மறைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பலர் பயன்படுத்தும் லினக்ஸ் சர்வரில் வன்பொருள் விவரங்கள் சாதாரணப் பயனர்களின் கண்ணில் படக் கூடாது என்று முடிவெடுக்கும் நிர்வாகி, இயங்குதளத்தின் மையமான கர்னல் தன் தகவல்களைக் காட்டும் ப்ராக், சிஸ் அடைவுகளில் உள்ள சில கோப்புகளின் அனுமதியை 0400 (உரிமையாளர் மட்டும் படிக்கலாம்) என மாற்றிவிட்டு வேலை முடிந்ததாகக் கருதுவது வழக்கம். கோப்பை மூடினால் தகவலும் மூடப்பட்டுவிடும் என்ற இந்த நம்பிக்கைதான் மற்ற தவறுகளுக்கெல்லாம் வேர்.

கணினியின் தொடர் எண்ணைத் தரும் கோப்பைக் கர்னலே முழு அதிகாரம் கொண்ட ரூட் பயனருக்கு மட்டும் என்று ஒதுக்கியிருக்கிறது. ஆனால் டெவ் அடைவுக்குள் டிஸ்க், அதற்குள் பை-ஐடி என்று போய், கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளை இட்டால், வட்டின் மாடலும் தொடர் எண்ணும் அங்குள்ள இணைப்புகளின் பெயரிலேயே பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கும். செயலியின் விவரங்களைத் தரும் சிபியுஇன்ஃபோ கோப்பை மறைப்பதும் இப்படித்தான்: சிபியுஐடி என்ற ஆணையை எந்த நிரலும் கர்னலைக் கேட்காமல் நேரடியாகச் செயலியிடம் இயக்கலாம். அதைத் தடுக்கும் வசதி இன்டெலின் ஐவி பிரிட்ஜ் தலைமுறையிலிருந்து இருந்தாலும், லினக்ஸில் 2017இல் வந்த 4.12 பதிப்பில்தான் ஒவ்வொரு செயல்முறைக்கும் தனியாக அதை இயக்க வழி கிடைத்தது. கர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசெஜ் கட்டளையைத் தடைசெய்தவர்கள், அதே செய்திகள் பதிவுக் கோப்புகளிலும் சேர்வதையும், அவற்றைப் படிக்கக்கூடிய குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்பதையும் பார்க்க மறந்துவிடுகிறார்கள்.

படிக்க மட்டும்தானே முடியும், அதனால் என்ன கெட்டுவிடும் என்ற அலட்சியமும் ஆபத்தானது. இன்டெல் செயலிகளின் மின்நுகர்வு அளவீட்டை 2020 வரை லினக்ஸில் யாரும் படிக்கலாம். அந்த எண்களின் ஏற்ற இறக்கத்திலிருந்தே குறியாக்கச் சாவிகளை மீட்கலாம் என்று பிளாட்டிபஸ் ஆய்வு காட்டிய பிறகு அது ரூட்டுக்கு மட்டும் என்றானது. இதனால் கண்காணிப்பு வரைபடம் வெறுமையாகிவிட்டது என்பதற்காக, கணினி தொடங்கும்போதெல்லாம் அனுமதியை 0444 (யாரும் படிக்கலாம்) ஆக்கும் ஒரு வரியை எழுதி வைப்பவர்கள் இருக்கிறார்கள். கண்காணிப்பு மென்பொருளை முழுக்க ரூட்டாக ஓட்டுவதும் நல்ல தீர்வல்ல. அதன் கணக்கு மட்டும் உள்ள ஒரு குழுவுக்கு 0440 (உரிமையாளரும் குழுவும் மட்டும் படிக்கலாம்) கொடுத்தால் போதும்.

எதிர்த்திசைத் தவறு, சிஸ் அடைவை ஒட்டுமொத்தமாகப் பூட்டுவது. கிராஃபிக்ஸ் நூலகங்கள் சாதனத்தை அடையாளம் காண அங்கேதான் போகின்றன என்பதால், மேசைக் கணினியில் இதன் விளைவு உடனே தெரியும். இதைக் கர்னல் உருவாக்குநர்களே அனுபவத்தில் கண்டார்கள். நினைவகத்தின் ஒரு வரிசையைத் திரும்பத் திரும்ப அணுகி அருகிலுள்ள பிட்களை மாற்றும் ரோஹேமர் தாக்குதலுக்கு உதவும் என்பதால், நினைவகப் பக்கங்களின் பௌதிக எண்களைத் தரும் பேஜ்மேப் கோப்பை 2015இல் 4.0 பதிப்பு சாதாரணப் பயனர்கள் திறக்கவே விடவில்லை, 4.2 பதிப்பிலோ கோப்பு திறக்கும், பக்க எண் இருக்கும் இடத்தில் மட்டும் பூஜ்யம் வரும். மறைக்க வேண்டிய புலத்தை மட்டும் மறைக்கும் இந்த முறையே, என் பார்வையில், பின்பற்றத் தக்கது.

சிஸ் அடைவில் கையால் மாற்றிய அனுமதிகள் மறுதொடக்கத்தில் மறைந்துவிடும். புதிதாகச் செருகப்படும் சாதனத்தின் கோப்புகளும் இயல்பான அனுமதிகளோடுதான் தோன்றும். ஆகவே அவற்றை, சாதனம் தோன்றும்போதெல்லாம் இயங்கும் யுடெவ் விதியாக எழுதி வைத்து, மறுதொடக்கத்துக்குப் பிறகு சாதாரணக் கணக்கில் நுழைந்து படித்துப் பார்க்க வேண்டும்.